கல் அடைத்து, காய்ச்சலும் வந்தால்: சிறுநீரகக் கல் செப்சிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அத்தைக்கு அப்போது 61 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஒரு புதன்கிழமை, இடது விலாவுக்குக் கீழே பிடுங்குகிறது என்றார். பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் மேல்பகுதியில் 7 மில்லிமீட்டர் கல் என்றார்கள். வலிக்கு ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினார். சனிக்கிழமை விடிகாலையில் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சோற்றை வடித்துவிட்டாயா?" என்று கேட்டார். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று பிற்பகல் வேறொரு மருத்துவமனையில் அத்தையின் முதுகு வழியாக ஒரு குழாய் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து உறவில் யாருக்குக் கல் என்றாலும் எனக்குத்தான் தொலைபேசி வருகிறது. நான் மருத்துவன் அல்லன். அவர்கள் கேட்டவற்றுக்கு, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்ட பதில்கள் இவை.

கல் என்றால் வலிதானே? உயிர் போகுமா?

பெரும்பாலும் வலியோடு முடிந்துவிடும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தானாகவே இறங்கிவிடுகின்றன. சிறுநீரகத்துக்குள் சும்மா கிடக்கும் கல்லோடு பத்து, இருபது ஆண்டுகள் நடமாடுகிறவர்கள் உண்டு.

உயிருக்கு ஆபத்து வருவது மூன்று ஒன்றுசேரும்போது: கல், அடைப்பு, கிருமி. கல் மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். கல்லும் அடைப்பும் இருந்தால் மருத்துவரின் கண்காணிப்பில் சில நாள், சில வாரம்கூடப் பொறுத்துப் பார்ப்பதுண்டு. அடைப்புக்குப் பின்னால் கிருமியும் சேர்ந்துவிட்டால் நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான்.

ஒரு சின்னக் கல் எப்படி அந்த நிலைக்குக் கொண்டுபோகிறது?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் ஒரு சாணுக்கும் மேலே, 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். உள்விட்டமோ 3, 4 மில்லிமீட்டர்தான். அதிலும் மூன்று இடங்களில் இன்னும் குறுகும்: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் வாயில், இடுப்பெலும்பருகே பெரிய ரத்தக் குழாயைக் கடக்கும் இடத்தில், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில். கல் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் சிக்கும்.

சிக்கியதும் மேலே சிறுநீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது, நீர் சீழாகிறது. வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏற ஏற, அந்தச் சீழ் சிறுநீரகத்தின் மெல்லிய சுவர்களைத் தாண்டிப் பின்பக்கமாக ரத்த நாளங்களுக்குள் கசிகிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்கள் வழியாகத்தான் போகிறது. ஆகவே அங்கே கலப்பது உடம்பெங்கும் போய்ச்சேர நேரமே ஆகாது. மதியம் வரை எழுந்து நடமாடியவர் இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பது இதனால்தான்.

செப்சிஸ் என்பது ரத்தத்தில் கிருமி ஏறுவதுதானே?

வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம். மருத்துவர்களே நமக்குப் புரியட்டும் என்று அப்படிச் சொல்வதுண்டு. சரியான பொருள் சற்று வேறு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை நமக்குத் தெரியும். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு நிதானம் தப்பித் தன் உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்குவதுதான் செப்சிஸ். 2016இல் உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறையும் அதைத்தான் சொல்கிறது: தொற்றுக்கு உடம்பு தாறுமாறாக எதிர்வினை செய்வதால் உயிருக்கு ஆபத்தான வகையில் உறுப்புகள் செயலிழப்பது. ரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமலேயே ஒருவருக்குச் செப்சிஸ் இருக்கலாம்.

அதன் அடுத்த படி செப்டிக் ஷாக். திரவம் ஏற்றிய பிறகும் ரத்த அழுத்தம் நிற்காமல், அதைத் தாங்கிப்பிடிக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. திசுக்கள் திணறும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவும் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் ஏறியிருக்கும். எந்தக் காரணத்தால் வந்தாலும், இந்த நிலைக்குப் போனவர்களில் 100க்கு 40 பேருக்கும் மேல் மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள் என்பது அதே 2016 வரையறையோடு வந்த கணக்கு.

கல்லால் வரும் செப்சிஸில் எத்தனை பேர் இறக்கிறார்கள்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. எவ்வளவு முற்றியபின் வந்தார், வந்தபின் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். எனக்கு மிகவும் உறைத்த கணக்கு அமெரிக்காவிலிருந்து 2013இல் வெளியானது. சிறுநீரகக் குழாயில் கல்லும் செப்சிஸும் சேர்ந்து வந்த 1,712 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை அலசினார்கள். அடைப்புக்கு மேலே தேங்கியதை வெளியேற்ற வடிகால், அதாவது குழாய், வைக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 8.82 சதவீதம். வைக்கப்படாதவர்களில் 19.2 சதவீதம்.

வடிகால் வைக்கப்படாதவர்களில் சிலர், எதுவும் செய்ய முடியாத அளவு முற்றிய நிலையில் வந்திருக்கக்கூடும். அதனால் வித்தியாசம் முழுவதையும் குழாயின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் 2020இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. அது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தது. கல் அடைப்போடு தொற்றும் இருந்தவர்களுக்கு வடிகால் வைப்பது இரண்டு நாள் அல்லது அதற்கு மேல் தள்ளிப்போனால், இறப்புக்கான வாய்ப்பு 29 சதவீதம் கூடியிருந்தது. அத்தை வீட்டில் படுத்திருந்த அந்த இரண்டு நாளை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியைப் படித்தேன்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே கிளம்ப வேண்டும்?

கல் இருப்பது தெரிந்தவருக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலே கிளம்பிவிடலாம். பல் கிட்டும் குளிர் நடுக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம். கிருமி ரத்தத்தில் கலக்கும் வேளையில் வரும் நடுக்கம் அது. வாந்தி நிற்காமல் மாத்திரையே தங்காவிட்டாலும், சிறுநீர் குறைந்துபோனாலும் அப்படியே.

இவற்றையும் தாண்டிய கட்டம் ஒன்று உண்டு. மூச்சு நிமிடத்துக்கு 22 முறைக்கு மேல் ஓடும். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 100க்குக் கீழே இறங்கும். பேச்சு தடுமாறும், ஆள் அடையாளம் தப்பும். அத்தை அப்பா பெயரைச் சொன்னபோது, காய்ச்சலில் பிதற்றுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூளை என்ற உறுப்பு தடுமாறத் தொடங்கியிருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. இப்படி இருந்தால் ஆட்டோவுக்கு அலையாமல் 108ஐ அழையுங்கள்.

ஏமாற்றுகிற அடையாளங்களும் உண்டு. முதியவர்களுக்குக் காய்ச்சலே வராமல் உடம்பு சில்லிட்டுப்போகலாம், 96.8 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் ஆபத்தின் குறிதான். நான்கு மணிக்கொரு முறை பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருப்பவரின் வெப்பமானியை நம்ப முடியாது. வலி சட்டென்று நின்றுவிட்டால் கல் விழுந்துவிட்டது என்று நாமே முடிவு கட்டுவதும் தவறு. அடைப்பு அப்படியே இருக்க, வலி மட்டும் ஓய்வதுண்டு. வலி நின்று காய்ச்சல் தொடங்கியிருந்தால் அது நல்ல சேதியே அல்ல.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள், கர்ப்பிணிகள், ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், முதுகுத்தண்டு பாதிப்பால் சிறுநீர் வடிக்கும் குழாய் பொருத்தியிருப்பவர்கள். கல் பெரும்பாலும் ஆண்களின் நோய் என்று பெயர் வாங்கியிருக்கிறது. அந்தக் கல்லோடு கிருமி சேர்ந்து அடைத்துக்கொள்வதில் பெண்களே அதிகம். அவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வருவது ஒரு காரணம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு பூதமும் உண்டு. கிருமி சர்க்கரையைத் தின்று வாயுவை உண்டாக்கி, சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் நிறைந்துவிடும். சிடி ஸ்கேனில் சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். முன்பெல்லாம் அந்தச் சிறுநீரகத்தை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். இப்போது பலருக்குக் குழாய் வைத்தே காப்பாற்றிவிடுகிறார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. அடைபட்ட சிறுநீரகத்தின் நீர் கீழே இறங்கினால்தானே நீங்கள் கொடுக்கும் புட்டியில் அது விழும்? புட்டியில் விழுந்தது நல்ல சிறுநீரகத்தின் நீர். மேலே சீழ் கட்டியிருக்க, கீழே பரிசோதனை சுத்தமாக வரலாம். அல்ட்ராசவுண்டில் நீர் கோத்து வீங்கியிருப்பது தெரிகிறதா, சிடியில் கல் எங்கே நிற்கிறது, ரத்தத்தில் வெள்ளணு, தட்டணு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எப்படி என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். தட்டணு குறைந்தால் டெங்குவைத்தான் நினைக்கிறோம். செப்சிஸிலும் அது குறையும்.

ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் சரியாகிவிடாதா? குழாய் எதற்கு?

என் சித்தப்பா மருத்துவரிடம் வாக்குவாதமே செய்தார். "முதலில் மருந்து கொடுத்துப் பாருங்கள், கேட்காவிட்டால் குழாய் வைக்கலாம்" என்றார். மருத்துவர் கோபப்படவில்லை. "ஐயா, சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே பினாயில் ஊற்றினால் போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

மருந்து ரத்தத்தில் ஓடுகிறது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டினால்தான் அது சிறுநீருக்குள் வரும். அடைபட்ட சிறுநீரகம் சரியாக வடிகட்டுவதில்லை. ஆகவே சீழ் தேங்கிய இடத்தில் மருந்து போதிய அளவு சேருவதே இல்லை. போதாததற்கு, ஈகோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் நம் நாட்டில் பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பாதியில் நிறுத்திய மாத்திரைகளுக்கு அதில் பெரிய பங்குண்டு.

மருந்து வேண்டாம் என்பதல்ல பொருள். அது முதல் மணி நேரத்திலேயே ஏற வேண்டும். செப்டிக் ஷாக்கில் ரத்த அழுத்தம் விழுந்தபின், முதல் ஆறு மணி நேரத்தில் பொருத்தமான ஆன்டிபயாடிக் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைப்பவர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்று 2006இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு சொல்கிறது. முதல் ஊசிக்கு முன் ரத்தமும் சிறுநீரும் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுத்துவிடுவார்கள். முடிவு வர இரண்டு, மூன்று நாளாகும். அதுவரை பல கிருமிகளையும் தாக்கும் மருந்து ஓடும். மருந்தும் வடிகாலும் இரண்டும் வேண்டும், அன்றைக்கே வேண்டும்.

குழாய் என்றால் எது? முதுகில் வைப்பதா, உள்ளே வைப்பதா?

இரண்டு வழி உண்டு. டிஜே ஸ்டென்ட் என்பது சிறுநீர்ப்பை வழியாகக் கேமரா விட்டு, கல்லைத் தாண்டி மேலே ஏற்றும் மெல்லிய குழாய். இரு முனையும் சுருண்டிருப்பதால் நழுவாது. வெளியே ஒன்றும் தெரியாது. நெஃப்ராஸ்டமி என்பது அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே முதுகுப்பக்கம் ஊசி குத்தி, நேரே சிறுநீரகத்துக்குள் வைப்பது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும்; நீர் வெளியே ஒரு பையில் சேரும்.

எது மேல் என்று 1998இல் 42 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அமெரிக்காவில் சோதித்தார்கள். ஒன்றைவிட மற்றது சிறந்தது என்று நிறுவ முடியவில்லை. அந்த நேரத்தில் அந்த மருத்துவமனையில் எது உடனே கைகூடுமோ அதுவே நல்லது.

அத்தைக்கு முதுகுவழிதான். குழாய் உள்ளே போனதும் பையில் முதலில் இறங்கியது சிறுநீரே அல்ல. புளித்த மோர் போல, திரிதிரியாக. இரவு பத்து மணிக்கு அது கலங்கிய பழுப்பு நீரானது. மறுநாள் காலை மஞ்சள் தெரிந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்த மருந்தை அன்று மதியம் குறைக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் என்னை என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டு, காப்பியில் சர்க்கரை இல்லை என்று சண்டை போட்டார்.

குழாய் வைத்தார்கள், கல்லை எடுக்கவில்லையே?

எல்லோரும் கேட்கும் கேள்வி, நாங்களும் கேட்டோம். கல்லை உடைக்கும்போது உள்ளே நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். தொற்று உள்ள சிறுநீரகத்தில் அந்த அழுத்தம் கிருமியை இன்னும் ரத்தத்துக்குள் தள்ளும். ஆகவே முதலில் வடிகால், பிறகு மருந்து; தொற்று அடங்கியதை உறுதி செய்துகொண்டு, பெரும்பாலும் ஓரிரு வாரம் கழித்துத்தான் கல். அத்தைக்கு மூன்று வாரமானது. அதிர்வலையால் கல் உடைப்பதும் தொற்று இருக்கும்போது கூடாது. அன்றைக்கே கல்லையும் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம்?

வாழைத்தண்டுப் பொரியலை நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். நெருஞ்சிலும் சிறுபீளையும் கல்லடைப்புக்குச் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருபவை. சிறிய கல், அடைப்பில்லை, காய்ச்சலில்லை என்றால் தகுதியுள்ள சித்த மருத்துவரிடம் போவது உங்கள் விருப்பம். காய்ச்சல் வந்த பிறகு எந்தச் சாறும் அடைப்புக்குப் பின்னால் கட்டிய சீழை வெளியே கொண்டுவராது. முழு அடைப்பில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் கல் இறங்கிவிடாது, வலிதான் கூடும். பீர் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கல்லை எடுத்த பிறகும் செப்சிஸ் வருமா?

வரும். சில கற்கள் கிருமியாலேயே உண்டானவை. புரோட்டியஸ் போன்ற கிருமிகள் சிறுநீரின் யூரியாவை உடைத்து, கலைமான் கொம்பு போலக் கிளைவிட்ட கல்லைக் கட்டுகின்றன; அதன் உள்ளுக்குள்ளும் கிருமி குடியிருக்கும். உடைத்தால் வெளியே வரும். அதனால்தான் அறுவைக்கு முன் சிறுநீரில் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தால் முதலில் அதை அடக்குகிறார்கள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அடுத்த வாரம் காட்டச் சொன்னார்களே என்று காத்திருக்காதீர்கள்.

இப்படி இறந்தவர்கள் யாராவது உண்டா, அல்லது பயமுறுத்துகிறீர்களா?

பிரான்சின் பேரரசராக இருந்த மூன்றாம் நெப்போலியனைச் சொல்லலாம். 1870இல் செடான் போர்க்களத்தில் சிறுநீர்ப்பைக் கல்லின் வேதனையோடுதான் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். தோற்று, இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். 1873 ஜனவரி 2ஆம் தேதியும் 6ஆம் தேதியும் ஹென்றி தாம்சன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் கல்லை உடைத்தார். 9ஆம் தேதி மூன்றாம் முறை உடைக்க ஏற்பாடாகியிருந்தது. அன்று காலையே இறந்துவிட்டார். உடலைப் பிரித்துப் பார்த்தபோது கல்லின் ஒரு பகுதி உள்ளேயே இருந்தது, சிறுநீரகங்கள் வெகுவாகக் கெட்டிருந்தன. ஆன்டிபயாடிக் என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

மருந்துகள் நிறைந்த காலத்தில் நடந்தது மரியானா பிரிடி என்ற பிரேசில் நாட்டு மாடல் அழகியின் கதை. அவருக்குக் கல்லே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முதலில் சிறுநீரகக் கல் என்றே கணித்தார்கள். உண்மையில் இருந்தது சூடோமோனாஸ் கிருமியால் வந்த சிறுநீர்த் தொற்று. செப்சிஸ் முற்றிக் கைகளையும் கால்களையும் அகற்ற வேண்டியதாயிற்று. 2009 ஜனவரி 24 அன்று இறந்தபோது அவருக்கு வயது 20.

மருத்துவமனையில் என்ன கேட்க வேண்டும்?

நோயாளியோடு போகிறவர் பதற்றத்தில் எதையும் கேட்பதில்லை. நான் மூன்றே கேள்விகளை எழுதிக் கொடுப்பேன். கல் அடைத்திருக்கிறதா? தொற்று இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், வடிகால் வைக்க இங்கே இன்றைக்கே வசதி உண்டா? மூன்றாவதுக்கு "நாளை மருத்துவர் வந்ததும் பார்க்கலாம்" என்று பதில் வந்தால், மருந்தையும் திரவத்தையும் தொடங்கச் சொல்லிவிட்டு, வசதியுள்ள இடத்துக்கு மாற்றக் கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கான துறை இருக்கிறது.

பிழைத்து வந்தபின் பழையபடி ஆகிவிடலாமா?

ஆகலாம், மெதுவாக. பல வாரம் அசதி இருக்கும், தலைமுடி கொட்டும், பெயர்கள் நினைவுக்கு வர நேரமாகும். கல் வந்தவருக்கு மறுபடி கல் வரும் வாய்ப்பும் உண்டு. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். நம் வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். உப்பைக் குறைக்க வேண்டும். எடுத்த கல்லைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டிஜே ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது. தொந்தரவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. அது தற்காலிகக் குழாய். மருத்துவர் சொன்ன தேதியில் எடுத்தாக வேண்டும். மறந்து மாதக்கணக்கில் விட்டால் அந்தக் குழாயின் மேலேயே கல் படிந்து மறுபடி அடைக்கும், மறுபடி கிருமி சேரும். கல்லை எடுத்தபோது அத்தைக்கும் ஒன்று வைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே தினசரி நாள்காட்டியைச் சுவரிலிருந்து இறக்கி, தாள்களைப் புரட்டி, எடுக்க வேண்டிய தேதியில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அதன் கீழே அத்தை தன் கையாலேயே எழுதினார்: "குழாய். யார் வீட்டுக் கல்யாணம் இருந்தாலும்."